ஆதெமார் ரோஸ்தானின் ஐந்தாவது சக்கரம்

முப்பத்தொரு வருடமாக ஒரு மனிதர் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டே இருந்தால் அவரைப் பயணி என்று சொல்வதா, வீட்டைவிட்டு நகராதவர் என்று சொல்வதா? கொலோனியா வால்தென்சே ஊரில் இதை யாரும் கேள்வியாக எடுத்துக்கொண்டதில்லை. ஊருக்கு அது வேடிக்கை. கேள்வியாகப் பட்டது அவருடைய மனைவி இல்தாவுக்கு மட்டும்தான். அதுவும் வருடத்தில் ஒருநாள், மார்ச் மாதத்தில், மடியில் கேக்கை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி அப்பா ஊருக்குப் போகும்போது.

ஆதெமார் பால் கூட்டுறவில் சீஸ் திருப்புகிறவராக வேலை பார்த்தார். பலகைகளில் முதிர்ந்துகொண்டிருக்கும் வட்டச் சீஸ்களை நாள் தவறாமல் ஒவ்வொன்றாகப் புரட்டிவைக்க வேண்டும். ஒன்றை மறந்தால் அது ஒரு பக்கம் உப்பிவிடும். தன் வேலைக்காலம் முழுவதிலும் அவர் ஒன்றைக்கூட மறந்ததில்லை என்பது ஊர்ப்பேச்சு. இல்தா அதை மறுக்க மாட்டாள். புகழவும் மாட்டாள். சீஸ்கள் ஓடிப்போவதில்லை, அவற்றை மறக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்பது அவள் எண்ணம்.

கல்யாணமான வருடத்திலேயே அவர் அந்தக் கச்சிலாவை வாங்கினார். பழைய கார்களுக்கு அங்கே செல்லமாக அப்படித்தான் பெயர். 1929ஆம் வருட ஃபோர்டு. பச்சை உடம்பு, கறுப்பு மட்கார்டு, போக்ஸ்கம்பி வைத்த ஒல்லியான உயரச் சக்கரங்கள். கல்யாண விருந்தில் எல்லோர் முன்னாலும் ஆதெமார் சொன்னார்: "அடுத்த அறுவடைத் திருநாளுக்கு இல்தா அவங்க அப்பா வீட்டு வாசல்ல இந்தக் கார்லருந்துதான் எறங்குவா." இல்தாவின் ஊர் ஓம்புவேஸ். எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும்.

அடுத்த வருடம் மழை. அதற்கடுத்த வருடம் டியூபுகளில் நம்பிக்கையில்லை. பிறகு இறக்குமதிக்குத் தடை வந்தது. ஒரு வருடம் டைனமோ. ஒரு வருடம், ஒன்றுமே கோளாறு இல்லாததால், ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற சந்தேகம். கார் கோயிலுக்குப் போனது, கல்லறைத் தோட்டத்துக்குப் போனது, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆற்றங்கரை வரை போய்த் திரும்பியது. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு பஞ்சர்கூட ஆனதில்லை. ஆதெமார் அதைத் தன் கைவேலையின் சான்றாகச் சொல்வார். சக்கரம் உருண்டால்தானே முள் குத்தும் என்று இல்தாவின் அக்கா சுல்மா கடிதத்தில் எழுதுவாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி இருந்தது. காரின் முதுகில் ஸ்டெப்னி இல்லாமல் ஒரு அடி முன்னால் போகக்கூடாது. ஸ்டெப்னியை மாட்ட நேர்ந்துவிட்டால், அந்த இடத்திலிருந்து வண்டி வீட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டும். "நாலு சக்கரத்துல ஓடுறது கார். அஞ்சாவது சக்கரத்துலதான் மனுஷன் ஓடுறான்" என்பார். கேட்க நன்றாக இருக்கும். இல்தா யோசித்துப் பார்த்திருக்கிறாள். அதற்கு அர்த்தம் ஒன்றும் பிடிபடவில்லை.

1986 பிப்ரவரியில் சுல்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அப்பாவின் வீட்டை விற்றாகிவிட்டது, ஏப்ரலில் அவள் மகளோடு தலைநகர் மொந்தெவிதேயோவுக்குப் போகிறாள், அங்கே மூன்றாம் மாடி. ஆகவே ஓம்புவேஸில் அவள் இருக்கும் கடைசி அறுவடைத் திருநாள் இதுதான். கீழே ஒரு வரி: "உன் வீட்டு அலங்காரப் பொருள் நல்லா இருக்கா? துணி போட்டு மூடி வை, தூசி படப்போகுது."

இல்தா கடிதத்தை மடித்து, வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சும் மாத்தே இலையின் டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

"இந்த வருஷம் நான் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கமாட்டேன், கிழவா."

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. கார் போனா நானும் போறேன். கார் போகலேன்னா கேக்கை நாம ரெண்டு பேருமே உக்காந்து தின்னுவோம். சுல்மா என்னைக் காணோம்னு வாசல்ல நிக்கட்டும்."

ஆதெமார் மாத்தேயை உறிஞ்சி முடித்தார். பிறகு, "அஞ்சு டயரையும் கழட்டி மாட்டணும்" என்றார். சம்மதம் என்பதை அவர் மொழியில் அப்படித்தான் சொல்ல முடியும்.

பிரேசில் எல்லைப்பக்கம் போய்வரும் உறவுக்காரர் ஒருவர் ரொட்டி மூட்டைக்குள் மறைத்து ஐந்து புது டியூப் கொண்டுவந்தார். திருநாளுக்கு எட்டு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, அடுப்படிக்குப் பின்னால் கோழிக்கூண்டுக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவிலுள்ள சிமெண்டுத் தரையில் ஆதெமார் கடை விரித்தார். பழைய கம்பளி, மூன்று டயர் லிவர், சோப்புத் தண்ணீர் வாளி, டால்கம் பவுடர் டப்பா, கைப்பம்பு. ஒரு தலைகீழ்ப் பெட்டிமேல் மாத்தேக் குடுவை, அதில் வெள்ளி உறிகுழல். இல்தாவின் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த குழல் அது, நுனியில் அவர் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கும்.

வேலையில் அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ரிம்மை உப்புத்தாளால் தேய்த்து, துரு ஒரு புள்ளி இருந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடிப்பார். போக்ஸ்கம்பிகளின் தலை டியூபைக் கடிக்காமலிருக்க ரப்பர் பட்டையைச் சுற்றுவார். டயருக்குள் கைவிட்டு ஒரு சுற்று தடவி, ஆணியோ மண்ணோ இல்லையென்று பார்த்து, பவுடர் தூவுவார். டியூபுக்குக் கொஞ்சம்போல காற்று, உருவம் வருமளவுக்கு மட்டும். அதை டயருக்குள் உட்காரவைத்து, வால்வை ரிம் ஓட்டையில் நுழைத்து, டயரின் ஒரு விளிம்பை முழங்காலால் அமுக்கி உள்ளே தள்ளுவார். மறு விளிம்பைப் பாதி காலால் மிதித்து, மீதியை லிவரால். கடைசிப் பிடி எப்போதும் வால்வுக்குப் பக்கத்தில்தான் முடிய வேண்டும். வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி விடுவார், டியூப் எங்கும் சிக்கியிருக்கக்கூடாது என்று. காற்று முழுக்க நிரப்புவார். பிறகு அத்தனையையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து நிரப்புவார். முதல் காற்றில் டியூப் எங்காவது மடிந்திருக்கும், இரண்டாம் காற்றில்தான் அது தன் இடத்தைக் கண்டுபிடிக்கும் என்பது அவர் கணக்கு. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார். "பட்டை சுத்தியாச்சு. பவுடர் போட்டாச்சு. வால்வு வெளிய வந்தாச்சு."

வால்வை நுழைக்கும்போது டயரைத் தூக்கிப் பிடிக்க, எலுமிச்சை மரத்தில் செதுக்கிய ஓர் ஆப்பு வைத்திருந்தார். மூன்றாவது சக்கரத்தில் அந்த ஆப்பு பிளந்துவிட்டது. ஒரு கை டயருக்குள் மாட்டியிருக்க, மறு கை பக்கத்தில் எதையோ துழாவியது. சரியாக அந்த நேரத்தில் இல்தா அடுப்படி ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள்.

"கிழவா, நடு அடுக்குக்குப் பால்பாகு வைக்கவா, பீச் பழப் பாகு வைக்கவா?"

"என்னது?"

"கேக்குக்கு. போன வருஷம் பால்பாகு வச்சேன். சுல்மா திகட்டுதுன்னா."

"அவளுக்கு எல்லாம் திகட்டும். பால்பாகே வை."

"பீச் வைக்கிறேன்" என்று சொல்லித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வெள்ளிக்குழலைக் காணோம். குடுவை இருந்த இடத்தில் இருந்தது, இலை இருந்தது, குழல் மட்டும் இல்லை. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கம்பளியை உதறினார்கள். பளபளப்பாக எதைக் கண்டாலும் கொத்தும் சிவப்புப் பெட்டைக்கோழியின்மேல் சந்தேகம் விழுந்தது. ஆதெமார் அதன் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஒரு சாண் குழலைக் கோழி முழுங்குமா? புத்தி இருக்கா உனக்கு?"

"நீதான் கழுவுறேன்னு எடுத்துட்டுப் போயிருப்ப."

"நானா? நான் கேக்குக்குப் பாகு காய்ச்சிக்கிட்டிருந்தேன். எங்கப்பா கொடுத்தது அது. உன் டியூபுங்க எங்க இருக்குன்னு மட்டும் உனக்குத் தெரியும்."

இரண்டு நாள் பேச்சு இல்லை. பக்கத்து வீட்டில் ஓர் அலுமினியக் குழலை இரவல் வாங்கி, தகர வாசனையோடு மாத்தே குடித்தார்கள். தன் அப்பாவின் வீடு போயிற்று, இப்போது அவருடைய குழலும் போயிற்று என்று இல்தாவுக்குத் தோன்றியது. ஆனாலும் திருநாளுக்கு முந்தினநாள் கேக் மாவைப் பிசைந்தாள். இந்தத் தடவை போகாவிட்டால், இனி போவதற்கு ஒரு வாசல் அங்கே இல்லை.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினார்கள். கேக் பின் இருக்கையில் ஒரு தலையணைமேல். இல்தா நீலப் பூப்போட்ட உடை போட்டு, முகத்துக்கு வயலட் வாசனைப் பவுடர் பூசி, கைப்பையில் அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். ஊர் எல்லையிலிருந்த அறிவிப்புப் பலகையைத் தாண்டியபோது ஆதெமார் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பால் லாரிக்காரன் ஒருவன் எதிரே வந்து, பார்த்துவிட்டு, நம்பாமல் ஹாரன் அடித்தான்.

பாதி வழியிலுள்ள தாராரிராஸ் ஊரைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சரளைக்கல் சாலை. "பாத்தியா?" என்று ஆதெமார் சொல்லி வாய் மூடவில்லை, பின்பக்கம் இடது சக்கரம் பொதபொதவென்று உட்கார்ந்தது.

அவர் இறங்கிப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் ஒத்திகை பார்த்தது இதற்குத்தான். ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி. பத்தே நிமிடத்தில் மாட்டிவிட்டார். அவ்வளவு அழகாக அவர் ஒரு காரியம் செய்து இல்தா பார்த்ததில்லை என்று தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லப் போனாள்.

"சரி, ஏறு. திரும்பலாம்" என்றார் ஆதெமார்.

"எங்க?"

"வீட்டுக்கு."

இல்தா ஏறவில்லை. "பாதி வழி வந்தாச்சு. திரும்பிப் போறதும் அதே தூரம்தான், தெரியுதா?"

"திரும்பிப் போறதுன்னா வீட்டுப் பக்கம் போறோம். பின்னால ஸ்டெப்னி இல்ல."

"வீட்டுப் பக்கம் இருக்கிற முள்ளு என்ன, உன் மச்சானா? குத்தாம விட்டுடுமா?"

 முள் குத்தினாலும் விதி விதிதான் என்பது போல ஆதெமார் ஜாக்கியைத் துடைத்து உள்ளே வைத்தார். இல்தா கொஞ்சம் யோசித்தாள். "பஞ்சரை ஒட்டி அதைப் பின்னால மாட்டிட்டா?"

"மாட்டிட்டா... அப்ப ஸ்டெப்னி இருக்குன்னு அர்த்தம்."

"அப்ப முன்னால போலாம்."

"போலாம்" என்றார், ஆனால் சுற்றிலும் பார்த்தார். தன் சிமெண்டுத் தரையைத் தவிர வேறெங்கும் அவர் ஒரு டயரைக் கழற்றியதில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு காற்றாடிக் கிணறும் மாட்டுக்கொட்டகையும் தெரிந்தன. காரை அங்கே ஓட்டிப்போனார்கள். தெல்மீரா என்று ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், பால் கறந்து முடித்து வாளி கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"பெரியவரே, இது உங்களைவிட மூத்ததா இளையதா?"

"எனக்கு ஆறு வயசு இளையது."

"அப்ப உங்களுக்கு முன்னால அதுக்கு மூச்சு வாங்குனது தப்புதான். வாங்க, தண்ணித்தொட்டி அங்க இருக்கு."

ஆதெமார் கொட்டகை வாசலில் கம்பளியை விரித்தார். லிவரைக் கொடுத்து விளிம்பைத் தூக்கினார். "ஒரு பக்கம் வந்தாச்சு" என்றார் வழக்கம்போல. டியூபைப் பிடித்து இழுத்தார். டியூபோடு சேர்ந்து, சரளையில் சலங்கை விழுந்த சத்தத்தோடு, வெள்ளிக்குழல் வந்து விழுந்தது. நடுவில் வில்போல வளைந்திருந்தது. நுனியில் அப்பாவின் முதலெழுத்து.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"நாங்கல்லாம் டயருக்குள்ள காத்துதான் அடிப்போம்" என்றாள் தெல்மீரா. "உங்க ஊர்ல மாத்தேயா?"

ஆதெமாரின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு காதுவரை சிவந்தது. "ஆப்பு பிளந்துபோச்சு. கைக்கு இதுதான் கெடச்சுது. வால்வு வெளிய வந்ததும் எடுக்கலாம்னு... அப்பதான் நீ பால்பாகா பீச்சான்னு கேட்ட."

இல்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தொட்டிக் கரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பூசிய பவுடர் கலைய, சிரித்தாள். தெல்மீராவும் சேர்ந்துகொண்டாள். "கோழியை... கோழியைத் தடவிப் பாத்தாரு" என்று இல்தா சொல்ல, என்ன கோழி என்றே தெரியாமல் தெல்மீரா இன்னும் பெரிதாகச் சிரித்தாள். ஆதெமார் மட்டும் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி தேடவேண்டிய அவசியமே இல்லை. விரல் நீளத்துக்குக் கிழிசல்.

பேட்ச் இருந்தது, உப்புத்தாள் இருந்தது. சொல்யூஷன் டப்பா பதினாறு வருடத்துக்கு முன் வாங்கியது, ஒருமுறையும் திறக்காதது. திறந்தார். உள்ளே பசை கல்லாகக் காய்ந்திருந்தது. குலுக்கினால் கடகடவென்று சத்தம் கேட்டது.

"உன்கிட்ட பசை ஏதாவது இருக்காம்மா?"

"பசு மடிக்குத் தடவுற களிம்பு இருக்கு. புண்ணு நல்லா ஆறும். டியூபுக்கு ஆறுமான்னு தெரியல."

இல்தாவின் சிரிப்பு நின்றது. மணி எட்டேமுக்கால். கோயிலில் பத்துக்கு மணி அடிக்கும். சுல்மா வெளிக்கதவருகே பஸ் வரும் திசையைப் பார்த்து நிற்பாள். ஒட்ட வழியில்லை, ஆகவே ஸ்டெப்னி இல்லை, ஆகவே விதி. இனி பேசிப் பயனில்லை என்று இல்தா ஒரு பால்கேனைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

ஆதெமார் கிழிந்த டியூபைத் தொட்டியிலிருந்து எடுத்தார். பிறகு அதைத் துடைத்து உலர்த்தினார். ரிம்மைத் தடவினார். டயருக்குள் ஒரு சுற்று கைவிட்டுப் பார்த்தார். "இல்தா, உன் பவுடரைக் கொடு."

வயலட் வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. ஒரு மாடு தலையைத் திருப்பிப் பார்த்தது.

"காத்தே நிக்காத டியூபுக்கு எதுக்கு முகப்பவுடர்?" என்றாள் தெல்மீரா.

"உள்ள வைக்கிறதை ஒழுங்கா வைக்கணும்" என்றார் அவர்.

ஆப்பு இல்லை. வளைந்த குழலை எடுத்து இல்தாவிடம் நீட்டினார். அவள் எழுந்து வந்து அதை டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள். முப்பத்தொரு வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்த வேலை, எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "வால்வு வெளிய வந்தாச்சு" என்றார் ஆதெமார். "குழல் வெளிய வந்தாச்சு" என்றாள் இல்தா, அதைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டே. அவர் முழங்காலால் அமுக்கி, மிதித்து, வால்வுக்குப் பக்கத்தில் முடித்தார். காற்று நிற்காது என்று தெரிந்தும் பம்பை நாலு அடி அடித்தார். அது புஸ்ஸென்று போனது. இரண்டாம் தடவை அடிக்கவில்லை.

சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்த் தெல்மீராவின் கோழிக்கூண்டில் சாய்த்துவைத்தார்.

"இது இங்க இருக்கட்டும். சாயங்காலம் வரும்போது எடுத்துக்கிறேன்."

"சாயங்காலம் வரும்போது" என்று தெல்மீரா இல்தாவைப் பார்த்துச் சொன்னாள். இல்தாவும் அதைக் கேட்டாள், ஆனால் நம்பவில்லை. கார் கிளம்பிக் கொட்டகைப் படலருகே நின்றது. இடது கை வீடு, வலது கை ஓம்புவேஸ். ஆதெமார் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். சாலையில் எந்த வண்டியும் வரவில்லை, ஆனாலும் மறுபடி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வலப்பக்கம் திருப்பினார்.

மணி அடித்து முடிந்து பத்து நிமிடம் கழித்து அவர்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் அப்பா வீட்டு வாசலில் ஆதெமார் காரை நிறுத்தினார். வீட்டில் யாரும் இல்லை, எல்லோரும் கோயிலில். இல்தா கதவைத் திறந்து, இறங்கி, ஒரு நிமிடம் நின்று, மறுபடி ஏறிக்கொண்டாள். பார்க்க ஆள் இல்லாதது அவளுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

பாட்டு நடுவில் இருந்தபோது வெளியே கச்சிலாவின் சத்தம் கேட்டு சுல்மா திரும்பினாள். பாட்டுப் புத்தகம் கையிலேயே இருக்க வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நெசமாவே வந்துட்டியா? எங்கருந்துடி தள்ளிக்கிட்டு வந்தீங்க?"

"தள்ளல. ஓட்டிக்கிட்டு வந்தோம்."

"அவரா?" சுல்மா ஆதெமாரை ஏற இறங்கப் பார்த்தாள், பிறகு காரின் பின்பக்கம் போனாள். "முதுகு காலியா இருக்கே? மச்சான், உங்க அஞ்சாவது சக்கரம் எங்க?"

"வயித்துவலி அதுக்கு. வழியில படுத்திருக்கு" என்றார் ஆதெமார். அவர் ஒரு நையாண்டி பேசி இரண்டு சகோதரிகளும் கேட்டதில்லை.  

திருநாளில் கோயிலுக்காக நடக்கும் ஏலத்தில் கேக் போனது. பீச் பாகு என்பதால் சுல்மாவே போட்டிபோட்டு எடுத்தாள், பால்பாகாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். வளைந்த குழலில் ஊரே மாத்தே குடித்தது. அது டயருக்குள் எட்டு நாள் இருந்த கதையை இல்தா ஆறுதடவை சொன்னாள். ஆறாவது தடவை ஆதெமாரும் சிரித்தார்.

வெயில் சாயும்போது திரும்பினார்கள். சரளைச் சாலை, காற்றாடிக் கிணறு. இல்தா முன்கூட்டியே தெல்மீராவுக்காகக் கட்டிவந்த இறைச்சித் துண்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கொட்டகை வாசலில் தெல்மீரா நின்றிருந்தாள். கூண்டில் சாய்த்த சக்கரம் அங்கேயே இருந்தது. அதன் வளையத்துக்குள் ஒரு வெள்ளைக்கோழி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

ஆதெமார் வேகத்தைக் குறைத்தார். ஹாரனை இரண்டு தடவை அடித்தார். தெல்மீரா சக்கரத்தைச் சுட்டிக்காட்டிக் கையை ஆட்டினாள். அவரும் கையைத் தூக்கி ஆட்டினார். இல்தா ஜன்னல் வழியாகப் பொட்டலத்தை வீசினாள். தெல்மீரா அதைப் பிடித்துக்கொண்டாள். கார் நிற்கவில்லை.

தாராரிராஸ் விளக்குகள் தெரியும்வரை இல்தா பொறுத்திருந்தாள்.

"கிழவா, அந்தச் சக்கரம்?"

ஆதெமார் சாலையைப் பார்த்தபடி ஒரு கையை நீட்டினார்.

"பிளாஸ்க்ல தண்ணி இன்னும் சூடா இருக்கா? ஒரு மாத்தே ஊத்து."